ஒரு ஸ்பூன் என்றால் எவ்வளவு?

போன தை மாதம் மெல்போர்னிலிருந்து அக்கா மகள் கூப்பிட்டாள். "சித்தி, நீங்க சொன்ன அளவிலேயேதான் வத்தக்குழம்பு வெச்சேன். வாயில வைக்க முடியல, அவ்வளவு காரம். பொடியைக் கூடப் போடச் சொல்லிட்டீங்களா?"

நான் சொன்னது மூன்று டேபிள்ஸ்பூன் குழம்புப் பொடி. எங்கள் வீட்டில் வருஷக்கணக்கில் அதே அளவுதான். எந்த ஸ்பூனில் போட்டாய் என்று கேட்டேன். "இங்க கடையில வாங்கின அளவு ஸ்பூன்தான் சித்தி. தலைதட்டித்தான் போட்டேன்" என்றாள். பாவம், அவள் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருக்கிறாள். ஆஸ்திரேலியாவில் ஒரு டேபிள்ஸ்பூன் என்பது 20 மில்லி. கும்பகோணத்தில் நான் வாங்கிய செட்டில் அது 15 மில்லி. மூன்று டேபிள்ஸ்பூன் என்பது எனக்கு 45 மில்லி, அவளுக்கு 60. நான் மனசில் வைத்திருந்ததைவிட ஒரு முழு ஸ்பூன் பொடி கூடுதலாக விழுந்திருக்கிறது. அப்புறம் ஏன் காரம் ஏறாது?

புதிதாகச் சமைக்க வரும் பிள்ளைகள் பலரும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். குறிப்பில் "ஒரு ஸ்பூன்" என்று போட்டிருக்கும். எந்த ஸ்பூன், எப்படி எடுப்பது என்று இருக்காது. அதனால் அடியிலிருந்தே சொல்கிறேன்.

முதலில் பிரித்துக்கொள்ள வேண்டியது ஒன்று. நாம் சாப்பிடும் ஸ்பூன் ஒரு பாத்திரம். சமையல் குறிப்பில் வரும் டீஸ்பூன் ஓர் அளவு. இரண்டுக்கும் பேர் ஒன்றாக இருப்பதால்தான் இவ்வளவு குழப்பம். டீஸ்பூன் என்ற அளவு 5 மில்லி. டேபிள்ஸ்பூன் 15 மில்லி. மூன்று டீஸ்பூன் சேர்ந்தால் ஒரு டேபிள்ஸ்பூன். இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி. அரை டீஸ்பூன் இரண்டரை மில்லி, கால் டீஸ்பூன் ஒன்றேகால் மில்லி. பதினாறு டேபிள்ஸ்பூன் சேர்ந்தால் 240 மில்லி, அதுதான் பெரும்பாலான அளவுக் கோப்பை செட்டில் வரும் ஒரு கப். (சில செட்டில் கப் 250 மில்லி இருக்கும். ரைஸ் குக்கரோடு கொடுக்கிற கப் 180 மில்லிதான். 240 மில்லி கப்புக்குப் பதிலாக அதை எடுத்துக் கேக்குக்கு மைதா அளந்தால் மாவு சரியாகக் கால் பங்கு குறையும்.)

அமெரிக்கக் குறிப்புகளில் டீஸ்பூன் 4.93 மில்லி, டேபிள்ஸ்பூன் 14.79 மில்லி. இந்த வித்தியாசத்தை நீங்கள் கண்டுகொள்ளவே வேண்டாம், நாக்குக்குத் தெரியாது. கண்டுகொள்ள வேண்டியது ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் ஒன்றைத்தான். அங்கே நாலு டீஸ்பூன் ஒரு டேபிள்ஸ்பூன். டீஸ்பூன் மட்டும் அங்கேயும் 5 மில்லிதான். அதனால் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இப்போதெல்லாம் நான் டீஸ்பூன் கணக்கிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று டேபிள்ஸ்பூன் என்பதற்கு ஒன்பது டீஸ்பூன். எண்ணக் கொஞ்சம் நீளம், ஆனால் தப்பாது.

தமிழில் எழுதும் குறிப்புகளில் தேக்கரண்டி, மேசைக்கரண்டி என்று வரும். தேக்கரண்டிதான் டீஸ்பூன். அந்தத் "தே" தேயிலையின் தே. தேன் எடுக்கும் கரண்டி என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும், அவள்மேல் தப்பில்லை, யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. மேசைக்கரண்டி டேபிள்ஸ்பூன். இங்கிலீஷில் சுருக்கி எழுதும்போது டி.எஸ்.பி என்று இருந்தால் சின்னது, நடுவில் ஒரு பி கூடுதலாகச் சேர்ந்து டி.பி.எஸ்.பி என்று இருந்தால் பெரியது. நடுவில் பி வந்தால் பெரிசு என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். வெறும் "ஒரு கரண்டி எண்ணெய்" என்று எழுதியிருந்தால் அது இந்த இரண்டுமே இல்லை. தாளிக்கிற கரண்டியா, குழிக்கரண்டியா என்பது எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும். கூட்டிக் குறைத்துக்கொள்ள முடிகிற சாமானாக இருந்தால் பரவாயில்லை. இல்லாவிட்டால் வேறு குறிப்பைப் பாருங்கள்.

வீட்டு ஸ்பூன்களை அளந்து பார்த்த கதை

அக்கா மகள் போனை வைத்ததும் எனக்கு நம் வீட்டு ஸ்பூன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. மருந்துக்கடையில் ஊசியில்லாமல் 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி வந்தேன். சமையல் மேடையில் ஆறு ஸ்பூனை வரிசையாக வைத்து, சிரிஞ்சால் தண்ணீர் விட்டு அளக்க ஆரம்பித்தேன். மாமியார் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "ஸ்பூனுக்கெல்லாம் ஊசி போடறியேம்மா" என்றார்.

அளக்கும்போது ஒன்று கவனித்தேன். தண்ணீர் ஸ்பூனின் விளிம்பு வரை வந்ததும் வழிவதில்லை. மேலே லேசாக உப்பி, பளிங்கு மாதிரி நிற்கிறது. இன்னும் ஒரு சொட்டு, இன்னும் ஒரு சொட்டு என்று விடலாம். உப்பின தண்ணீரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சின்ன ஸ்பூனில் அரை மில்லிக்கும் மேல் கூடுதலாகக் காட்டும். அதனால் முறையை மாற்றினேன். ஸ்பூனில் தண்ணீரை விளிம்போடு ஒட்ட எடுத்து, மருந்து பாட்டிலோடு வரும் கோடு போட்ட மூடியில் பத்து முறை ஊற்றி, மொத்தத்தைப் பத்தால் வகுத்தேன். மூடி நிறைந்தால் கொட்டிவிட்டுக் கணக்கை எழுதி வைத்துக்கொண்டு தொடரலாம். ஒரு தடவை கை தவறினாலும் பத்தில் அது கரைந்துவிடும்.

அஞ்சறைப்பெட்டியில் கிடக்கிற குட்டி ஸ்பூன் இரண்டரை மில்லி. அதை இத்தனை வருஷம் டீஸ்பூன் என்று நினைத்துத்தான் பிடித்திருக்கிறேன். அது அரை டீஸ்பூன். டீயில் சர்க்கரை கலக்கும் ஸ்பூன் நாலு மில்லி. கல்யாணத்தில் சீர் வந்த செட்டில் இருக்கும், சாதம் சாப்பிடுகிற ஸ்பூன் ஒன்பது மில்லி. அதைத்தான் பலரும் டேபிள்ஸ்பூன் என்று எடுக்கிறார்கள். அது டேபிள்ஸ்பூனும் இல்லை, டீஸ்பூனும் இல்லை, இரண்டுக்கும் நடுவே. நெய் விடும் கரண்டி பதினொன்று. உங்கள் வீட்டில் இதே எண்கள் வராது. ஒவ்வொரு கம்பெனிக்காரரும் ஒவ்வொரு அச்சில் அடிக்கிறார். அதனால்தான் அளந்து பார்க்கச் சொல்கிறேன், அரை மணி நேர வேலை.

நம் அம்மாக்கள் எப்படி இது எதுவும் இல்லாமல் சமைத்தார்கள் என்று கேட்பீர்கள். அவர்களிடம் ஒரே ஸ்பூன், ஒரே குழம்புச் சட்டி, ஒரே ஆழாக்கு இருந்தது. அதே ஸ்பூன் அதே சட்டிக்கு முப்பது வருஷம் போனால் அது 5 மில்லியா 3 மில்லியா என்பதே தேவையில்லை. கை அறிந்துகொண்டது. அந்தக் குறிப்பு அடுத்த வீட்டுக்குப் போகும்போதுதான் சிக்கல், கடல் தாண்டும்போது இன்னும் பெரிய சிக்கல்.

எந்த மரக்கால் என்று கல்லில் வெட்டிய ஊர்

இதில் நமக்கு ஒரு பெருமை உண்டு. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் போனால் சுவரெல்லாம் எழுத்து. யார் எவ்வளவு கொடுத்தார், எந்த ஊரிலிருந்து எவ்வளவு நெல் வர வேண்டும் என்று இராசராசன் காலத்துக் கணக்கு. அதில் வெறும் மரக்கால் என்று விட்டுவிடவில்லை. "ஆடவல்லான் என்னும் மரக்கால்" என்று பேரோடு வெட்டியிருக்கிறார்கள். அந்த ஆடவல்லான், இராசகேசரி என்னும் அளவோடு ஒத்தது என்றும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நெல் அளந்தவர்களுக்கு, எந்த மரக்கால் என்று சொல்லாவிட்டால் அளந்ததற்கு அர்த்தமில்லை என்று தெரிந்திருக்கிறது. ஒரு ஸ்பூன் உப்பு என்று எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவர் நினைவுக்கு வருகிறது.

பழைய வாய்ப்பாட்டில் இன்னொன்றும் உண்டு. முந்நூற்று அறுபது நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. ஸ்பூன் மாதிரி சின்ன அளவுக்கு நெல்மணியை எண்ணித்தான் அடித்தளம் போட்டிருக்கிறார்கள். அழகான யோசனை. ஆனால் சீரகச் சம்பா நெல்லை 360 எண்ணி ஒரு கிண்ணத்தில் போடுங்கள், மாப்பிள்ளைச் சம்பாவை 360 எண்ணி இன்னொரு கிண்ணத்தில் போடுங்கள். இரண்டும் ஒரே உயரத்தில் நிற்காது. படியும் ஊருக்கு ஊர் மாறியது. 1956இல் எடை அளவுகளுக்கான சட்டம் வந்து, அப்புறம் படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் கடைக்குள் வந்தன. அடுப்படிக்குள் மட்டும் ஆழாக்கும் கைப்பிடியும் இன்னும் இருக்கின்றன. இருக்கட்டும், எங்கள் வீட்டிலும் அரிசிக்கு ஆழாக்குதான்.

தலைதட்டியா, கோபுரமாகவா

நெல் அளக்கிறவரைப் பார்த்தவர்களுக்கு இது விளக்க வேண்டியதில்லை. ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்று தொடங்குவார். மரக்காலை அம்பாரத்தில் அமுக்கி எடுத்து, கையால் மேலே ஒரு வழி வழித்துவிட்டுக் கொட்டுவார். அதுதான் தலைதட்டுவது. வாங்கும்போது குவித்தும் கொடுக்கும்போது வழித்தும் அளந்தால் களத்திலேயே சண்டை வந்துவிடும்.

சமையல் குறிப்பில் ஒரு டீஸ்பூன் என்றால் அது தலைதட்டிய டீஸ்பூன். ஸ்பூன் நிறைய எடுத்து, கத்தியின் முதுகாலோ ஒரு சட்டத்தாலோ விளிம்போடு வழித்துவிட வேண்டும். அமெரிக்காவில் பாஸ்டன் சமையல் பள்ளியை நடத்திய ஃபேனி ஃபார்மர் என்ற அம்மா 1896இல் இதை அழுத்திச் சொன்னார், கப் ஆனாலும் ஸ்பூன் ஆனாலும் தலைதட்டித்தான் அளக்க வேண்டும் என்று. அதற்குப் பிறகு அங்கே எழுதும் குறிப்புகள் அந்த வழக்கத்துக்கு வந்தன.

வழிக்காமல் கோபுரமாக எடுத்தால் என்ன ஆகும்? மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் மாதிரி ஒட்டிக்கொள்கிற பொடி ஸ்பூன் மேல் நன்றாகக் குவிந்து நிற்கும். ஒன்றரை மடங்கு சுலபமாக வரும், கை தாராளமாக இருந்தால் இரண்டு மடங்கு. கடுகு அப்படி நிற்காது, உருண்டு விழுந்துவிடும். அதனால் ஒரே கை ஒரே ஸ்பூனில் எடுத்தாலும் பொடிக்கு ஒரு கணக்கு, கடுகுக்கு ஒரு கணக்கு ஆகிவிடுகிறது. காபிப் பொடி மட்டும் நம் ஊரில் விதிவிலக்கு. ஃபில்டரில் கோபுரமாக மூன்று ஸ்பூன் என்றுதான் எல்லா வீட்டிலும் சொல்வார்கள், அதைத் தலைதட்டிப் போட்டால் டிகாக்‌ஷன் வெளிறிப்போகும். அப்படிக் குவித்துப் போட வேண்டிய இடமாக இருந்தால் குறிப்பிலேயே "குவித்து" என்று எழுதிவிடுவது நல்லது.

இன்னொரு சின்ன பழக்கம். சட்டிக்கு நேர் மேலே ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு வழிக்காதீர்கள். வழித்த உப்பு முழுக்கக் குழம்பில்தான் விழும்.

ஸ்பூன் ஒன்றுதான், எடை வேறு

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பலர் கவனிக்காமல் விடுவதும் இதுதான். ஸ்பூன் அளப்பது இடத்தை. எடையை அல்ல. ஒரு டீஸ்பூன் தண்ணீர் 5 கிராம். அதே ஸ்பூனில் எண்ணெய் நாலரை கிராம், தேன் 7 கிராம். சர்க்கரை 4 கிராம், தூள் உப்பு ஏறக்குறைய 6 கிராம், மஞ்சள்தூள் 3, மிளகாய்த்தூள் இரண்டரைக்குப் பக்கம். ஒரு டேபிள்ஸ்பூன் மைதா 8 கிராம்தான் வரும், அதே ஸ்பூனில் உப்பு 17, 18 கிராம் வந்துவிடும்.

உப்பில்தான் இதன் விளைவை முழுதாக உணரலாம். வேதாரண்யம் நம் டெல்டாவின் கடைக்கோடி. 1930இல் ராஜாஜியோடு திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பெடுத்த அதே கரை. அந்தப் பக்கத்து உப்பளக் கல்லுப்பு எங்கள் வீட்டுப் பீங்கான் ஜாடியில் எப்போதும் இருக்கும். ஒரு ஸ்பூன் கல்லுப்பை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கல் கல்லாக, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, நடுவில் சந்து சந்தாக இடம் விட்டு நிற்கும். அந்தச் சந்தில் இருப்பது காற்று. தூள் உப்பில் அந்தச் சந்தையும் உப்பே அடைத்துக்கொள்கிறது. என் சின்னத் தராசில் நிறுத்துப் பார்த்தேன், ஒரு டீஸ்பூன் கல்லுப்பு ஐந்து கிராமைத் தொடவில்லை. அம்மா சொன்ன இரண்டு ஸ்பூன் கல்லுப்பை அப்படியே இரண்டு ஸ்பூன் தூள் உப்பாகப் போட்டால் சாம்பார் கரிக்கும். தூள் உப்புக்கு மாறினால் முதலில் முக்கால் பங்கு போடுங்கள். ருசி பார்த்துவிட்டு வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது. தூள் உப்பில் அது ஒரு டீஸ்பூன்கூட முழுதாக இல்லை. காலை இட்லி, மதியம் ரசம், ஊறுகாய், அப்பளம், ராத்திரி தோசை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வீட்டில் இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இருந்தால் இந்த ஒரு ஸ்பூனைக் கண்ணால் பார்த்து வைத்துக்கொள்வது உதவும்.

புளி, வெல்லம், தேங்காய்த் துருவல் இவற்றுக்கெல்லாம் ஸ்பூன் பொருந்தாது. நெல்லிக்காய் அளவு, எலுமிச்சை அளவு, கொட்டைப்பாக்கு அளவு என்று சொல்கிற நம் முறைதான் அவற்றுக்குச் சரி. துருவலை அமுக்கி எடுத்தால் ஒன்று, உதிரியாக எடுத்தால் ஒன்று, ஸ்பூன் அங்கே தோற்றுவிடும். சிட்டிகை என்பது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எடுப்பது, கால் டீஸ்பூனில் பாதி இருக்கும் அல்லது அதற்கும் குறைவு. பெருங்காயத்துக்கும் குங்குமப்பூவுக்கும் அது போதும்.

எதற்கெல்லாம் இந்தக் கண்டிப்பு வேண்டும்? எல்லாவற்றுக்கும் இல்லை. இட்லிக்குத் தொட்டுக்கொள்ள எங்கள் கும்பகோணத்தில் வைக்கிற கடப்பாவுக்குச் சோம்பு அரை ஸ்பூன் கூடினால் வாசனை கூடும், அவ்வளவுதான். தாளிக்கிற கடுகை யாரும் அளக்க வேண்டாம். உப்பு, சோடா, ஈஸ்ட், பேக்கிங் பவுடர் இந்த நாலுக்கும் அளவு ஸ்பூன்தான். பஜ்ஜி மாவில் ஆப்ப சோடா கால் டீஸ்பூன் போட வேண்டிய இடத்தில் சாப்பாட்டு ஸ்பூனால் கண்ணளவாக அள்ளிப் போட்டால் பஜ்ஜி எண்ணெய் குடிக்கும், நாக்கில் சோப்பு மாதிரி ஒரு வழுக்கல் வரும். போட்ட பிறகு எடுக்கவும் முடியாது.

மருந்துக்கு வீட்டு ஸ்பூன் கூடவே கூடாது. இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். குழந்தைக்கு எழுதிக்கொடுத்த சிரப் 5 மில்லி என்றால் அது சரியாக 5 மில்லி. எங்கள் வீட்டு ஸ்பூன்களிலேயே இரண்டரையும் இருந்தது, ஒன்பதும் இருந்தது. ஒன்றில் கொடுத்தால் பாதி மருந்து, இன்னொன்றில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பாட்டிலோடு வந்த மூடியோ சிரிஞ்சோ தொலைந்துபோனால் மருந்துக்கடையில் கேளுங்கள், சில ரூபாய்தான்.

புதிதாக வாங்குவதாக இருந்தால் நாலு ஸ்பூன் கொண்ட எவர்சில்வர் செட் போதும். ஒரு டேபிள்ஸ்பூன், ஒரு டீஸ்பூன், அரை, கால். காம்பில் மில்லி எண் அழுத்தி அடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டிய ஸ்டிக்கராகவோ மேலே அச்சடித்ததாகவோ இருந்தால் ஆறு மாசத்தில் தேய்ந்து போகும், அப்புறம் எது எது என்று தெரியாமல் விழிக்க வேண்டியதுதான். வாய் குறுகலாக, நீளமாக இருக்கும் செட்டாகக் கேளுங்கள், அஞ்சறைப்பெட்டிக் கிண்ணத்துக்குள்ளும் மசாலா பாட்டிலுக்குள்ளும் நுழையும். எண்ணெய் எடுத்த ஸ்பூனிலேயே தேனையும் எடுத்தால் ஒட்டாமல் வழுக்கி முழுசாக விழும். ஈர ஸ்பூனை மட்டும் பொடிக்குள் விட வேண்டாம், பொடி கட்டி தட்டிவிட்டால் அடுத்த தடவை அளவே மாறிவிடும்.

நான் புது செட் வாங்கவில்லை என்று நினைக்காதீர்கள், அது கொக்கியில் தொங்குகிறது. ஆனால் அஞ்சறைப்பெட்டி ஸ்பூனை விட மனசில்லை, அது அம்மா கொடுத்தது. அதையும் டீ ஸ்பூனையும் சாப்பாட்டு ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு பாத்திரக்கடைக்குப் போனேன். வாசலில் பேர் வெட்டுகிறவர் உட்கார்ந்திருந்தார். யார் பேரு வெட்டணும் என்று கேட்டார். பேர் வேண்டாம், எண் வெட்டுங்கள் என்றேன். ஒன்றில் இரண்டரை, ஒன்றில் நாலு, ஒன்றில் ஒன்பது. அவர் ஒரு நிமிஷம் ஸ்பூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மில்லியாம்மா?" என்று கேட்டுக்கொண்டே மெஷினை எடுத்தார்.